ஏழு விநாடி மௌனம்

டாக்டர் உல்ஃபத்தின் பதவி உயர்வுக்கு உலை வைத்தவன் என்று எங்கள் இசைத்துறையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் கேட்பதில்லை. கெய்ரோவில் எவனுக்கும் அடுத்தவன் கதையை முடிவுவரை கேட்கும் பொறுமை கிடையாது. நடுவிலேயே தன் கதையை ஆரம்பித்துவிடுவான். அதனால்தான் எழுதிவைக்கிறேன். எழுத்தில் யாரும் குறுக்கிட முடியாது பாருங்கள்.

என் பெயர் ஸப்ரி. பல்கலைக்கழகத்தில் தாள வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், எனக்கு ஓய்வுபெற இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. நான் வாசிப்பது ரிக். விளிம்பில் ஜல்ஜல் என்று தகடு கோத்த சின்னத் தோல் வாத்தியம். பகலில் வகுப்பு, வியாழக்கிழமையானால் கல்யாணக் கச்சேரி. கல்யாணம் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை.

உல்ஃபத் அம்மையார் இசையமைப்பாளர். உடனே 'எந்தப் படத்துக்கு?' என்று கேட்காதீர்கள். அவர் குடியிருக்கும் கட்டடத்தின் காவல்காரர் இருபது வருஷமாக இதைத்தான் கேட்கிறார். படத்துக்கும் இல்லை, விளம்பரத்துக்கும் இல்லை. கெய்ரோவில் படித்துவிட்டு, ஆஸ்திரியாவில் ஐந்து வருஷம் படித்துவிட்டு, திரும்பி வந்து புது மாதிரி இசை எழுதுகிறார். நான்கு வயலினும் ஒரு மின்விசிறியும் சேர்ந்து வாசிக்கிற ஒன்றை எழுதி வெளிநாட்டில் பரிசு வாங்கினார். இங்கே அதை வாசித்தபோது சபையில் என்னைத் தவிர பதினான்கு பேர். பன்னிரண்டு பேர் வருகைப் பதிவுக்காக வந்த மாணவர்கள், ஒருத்தர் மின்விசிறியின் சொந்தக்காரர், இன்னொருத்தர் உல்ஃபத்தின் அம்மா. அம்மா பாதியில் என் பக்கம் சாய்ந்து, "பாட்டு எப்போ ஆரம்பிக்கும் தம்பி?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது? "இதோ" என்றேன்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். கழுத்தில் அது எப்போதும் தொங்கும். அவருடைய நோட்ஸில், அதாவது இசைக்குறிப்பில், எல்லாம் விநாடிக் கணக்குதான். நான்கு விநாடி தேய்க்க வேண்டும், இரண்டு விநாடி சும்மா இருக்க வேண்டும், ஒன்றரை விநாடி மூச்சு விட வேண்டும். அவர் வகுப்பில் மூச்சு விடவும் அனுமதி வேண்டும் என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் இசையமைப்பு வகுப்பில் அவரிடம் ஐந்து பேர் இருந்தார்கள். அந்த ஐந்து பேரும் அவருக்காக உயிரை விடுவார்கள், அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விவகாரம் இதுதான். பதினோரு வருஷமாக அவர் உதவிப் பேராசிரியர். முழுப் பேராசிரியர் ஆக வேண்டுமானால் ஒரு படைப்பை நடுவர் குழுவுக்கு அனுப்ப வேண்டும். நோட்ஸ், மேடையில் வாசித்த ஒலி ஒளிப்பதிவு, நிகழ்ச்சி நிரல், எல்லாவற்றிலும் முத்திரை. இரண்டு தடவை அனுப்பினார், இரண்டு தடவையும் திரும்பி வந்தது. முதல் தடவை ஏதோ பக்க எண் தகராறு. இரண்டாவது தடவை வந்த கடிதத்தைத் துறைச் சிற்றுண்டிக் கடையில் டீயோடு என் முன்னால் வைத்தார்.

"படி."

படித்தேன். 'பொது நிகழ்ச்சி என்று குறிப்பிடப்பட்டுள்ளது. புகைப்படத்தில் பொதுமக்கள் காணப்படவில்லை.'

சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, ஆனால் சீக்கிரமே நின்றுவிட்டது.

"மூணாவது தடவைதான் கடைசி, ஸப்ரி. இதுவும் திரும்பினா அப்புறம் விண்ணப்பிக்கவே முடியாது. முழுப் பேராசிரியர் இல்லாத வகுப்பை அடுத்த வருஷம் மூடறாங்களாம், சுற்றறிக்கை வந்தாச்சு. என் பசங்க அஞ்சு பேரையும் குழந்தைப் பாட்டு சொல்லிக்கொடுக்கற பிரிவுக்கு மாத்திடுவாங்க."

"கூட்டம்தானே வேணும்? என்கிட்ட விடுங்க டாக்டர்."

"யாரைக் கூட்டிட்டு வருவே?"

"எங்க தெருவை."

"உங்க தெரு என் இசையைக் கேட்குமா?"

"உட்காரும். கேட்குமான்னு கேட்காதீங்க."

இந்த முறை அவர் எழுதியிருந்ததற்குப் பெயர் 'நண்பகல்'. ஏழு பேர் வாசிக்க வேண்டும். அதில் கால் சுரங்கள், அதாவது இரண்டு சுரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சுரங்கள், வரும். துறைப் பிள்ளைகள் அந்தச் சுரத்தைப் பிடிப்பதற்குள் நண்பகல் போய் மாலை வந்துவிடும் என்று, கல்யாணங்களில் வாசிக்கிற எங்கள் ஆட்களையே அழைத்தார். நாணல் குழலுக்குப் பயூமி, பிறகு மடியில் வைத்து மீட்டுகிற கானூன், செல்லோ, இப்படி. ஏழு பேருக்கும் சேர்த்து ஏழு நாள் ஒத்திகை. என் பங்கு என்ன தெரியுமா? அறுபத்து நான்கு அடி எண்ணிவிட்டு ஒரு தட்டு. பிறகு நாற்பது அடி எண்ணிவிட்டு இன்னொரு தட்டு. இத்தனை வருஷத்தில் இவ்வளவு குறைவாக வாசித்து இவ்வளவு களைத்துப்போனதில்லை.

நடுவில் ஓர் இடம் உண்டு. பயூமியின் குழல் மேலேயிருந்து மெதுவாக இறங்கி வரும். எங்கே போய் உட்காரும் என்று நமக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து கேட்ட இறக்கம்தானே. ஆனால் அங்கே உட்காராது. ஒரு கால் சுரம் கீழே, யாரும் எதிர்பாராத இடத்தில் போய் நிற்கும், அப்போது செல்லோ அடியில் வந்து தாங்கும். அதற்குப் பிறகு ஏழு விநாடி மௌனம். ஒத்திகையில் முதல் தடவை அதை வாசித்தபோது பயூமி குழலை இறக்கிவிட்டு, "இதை யார் எழுதினது?" என்று கேட்டான். உல்ஃபத், "ஏழு விநாடி முடியற வரைக்கும் பேசக் கூடாது" என்றார்.

கச்சேரி ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு. சொன்னபடி என் தெரு வந்தது, நாற்பது பேர். எல்லாருக்கும் முன்னால் இஸ்திரிக்கடை ஹாஜியார் ஷஹாத்தா. அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருக்குப் பாடத் தெரியாது, வாசிக்கத் தெரியாது. ஆனால் அவர் ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தால் வாத்தியக்காரர்கள் சுருதியை இரண்டு தடவை சரிபார்ப்பார்கள். கேட்கத் தெரிந்த மனுஷன். எங்களிடம் வழக்கம் அப்படி: ஓர் இடம் நெஞ்சில் பட்டுவிட்டால் கேட்கிறவர் "அல்லாஹ்!" என்று வாய்விட்டுச் சொல்வார். "மறுபடி!" என்று கேட்டால் வாசிக்கிறவன் மறுபடி வாசித்தே ஆக வேண்டும். வாசிக்காதவனை அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். ஹாஜியார் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் ஒரு வாரத்துக்குச் சாப்பாடு இறங்கும்.

மனுஷன் நேராகப் போய் எங்கள் துறை முதல்வருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். முதல்வர் வரவில்லை, நல்லவேளை.

முதல் பகுதி தேய்ப்பதும் கீறுவதுமாகப் போயிற்று. ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. வீட்டில் ஏதாவது கஷ்டமா, இந்தப் பிழைப்புக்கு வந்துவிட்டாயே என்பது மாதிரி. நான் தலையைக் குனிந்து அடி எண்ணினேன்.

பிறகு அந்த இடம் வந்தது. பயூமி அன்று எப்படி வாசித்தான் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. இறங்கி வந்தான், உட்கார வேண்டிய இடத்தைத் தாண்டினான், நின்றான். செல்லோ வந்து தாங்கியது. மௌனம். உல்ஃபத் ஒரு கையை உயர்த்தி, இன்னொரு கையில் ஸ்டாப்வாட்சைப் பிடித்தபடி நின்றார். ஒன்று. இரண்டு.

மூன்றாவது விநாடியில் ஹாஜியார் எழுந்தே நின்றுவிட்டார்.

"அல்லா...ஹ்! உன் கைக்கு ஒண்ணும் வரக்கூடாதுடா மகனே! மறுபடி! மறுபடி!"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் செய்யவில்லை. என் கை செய்தது. முப்பது வருஷம் கல்யாணங்களில் பழகிய கை, 'மறுபடி' என்ற குரல் கேட்டதும் தானாகவே திரும்பிப் போகும் தாளத்தைத் தட்டிவிட்டது. தட்டினதும் பயூமி மேலே போய்விட்டான். கானூன் அவன் பின்னால். செல்லோ அவர்கள் பின்னால். ஏழு பேரில் ஒருத்தனுக்குக்கூட இது நோட்ஸில் இல்லையே என்று தோன்றவில்லை.

உல்ஃபத்தின் கை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். அப்புறம் ஸ்டாப்வாட்ச் கையிலிருந்து நழுவிக் கழுத்தில் தொங்கியது, அவர் எங்கள் தாளத்துக்குக் கையசைக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது தடவை பயூமி அந்த இறக்கத்தில் கொஞ்சம் தயங்கி நின்றான். நான்கைந்து குரல்கள் சேர்ந்து "அல்லாஹ்!" என்றன. மாணவர்கள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்கள். மூன்றாவது தடவை, நான்காவது தடவை. பதினெட்டு நிமிஷ 'நண்பகல்' இருபத்தொன்பது நிமிஷம் போயிற்று. பின்னால் துறையின் காமிரா எல்லாவற்றையும் சமர்த்தாகப் பதிவு செய்துகொண்டிருந்தது.

முடிந்ததும் ஹாஜியார் மேடைக்கு வந்தார்.

"டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க, ஆரம்பத்துல நாற்காலி இழுக்கற மாதிரி இருந்துச்சு. ஆனா அந்த எடம்... அது யாரோடது?"

"என்னோடது."

"நீங்களே போட்டதா?"

"நானேதான் ஹாஜியார்."

"அப்போ இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

"இங்கதான் இருந்தேன்" என்றார் உல்ஃபத். எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இருபது வருஷம் பக்கத்து அறையில் இருந்திருக்கிறேன், ஒரு தடவையாவது என் தெருவைக் கூட்டி வந்தேனா? புகைப்படம் வேண்டும் என்று காகிதம் வந்த பிறகுதானே கூட்டி வந்தேன்.

மறுநாள் மயக்கம் தெளிந்தது. நடுவர் குழுவுக்குக் கோப்பை அனுப்ப ஆறு நாள்தான் இருந்தது. மறுபடி வாசித்துப் பதியலாம் என்றால் அரங்கம் பரீட்சை முடியும்வரை கிடைக்காது. நோட்ஸில் பதினெட்டு நிமிஷம், பதிவில் இருபத்தொன்பது. இரண்டும் பொருந்த வேண்டும் என்பது விதி. பக்க எண்ணுக்கே திருப்பி அனுப்பியவர்கள் பதினோரு நிமிஷத்தை விடுவார்களா?

"வெட்டிடலாம் டாக்டர்" என்றேன். "என் மச்சான் கல்யாண வீடியோ வேலை செய்யறான். மாமியார் சண்டையையே தடம் தெரியாம வெட்டி எடுப்பான். இது என்ன பெரிய விஷயம்?"

"வெட்டினா ஹாஜியார் போயிடுவாரு."

"போகட்டுமே! அவருக்கு என்ன, இஸ்திரிக்கடை இருக்கு. உங்களுக்கு வகுப்பு போயிடுமே!"

"ஸப்ரி, இருபத்திநாலு வருஷமா எழுதறேன். ஒருத்தர்கூட ஒரு எடத்தையும் மறுபடி வாசின்னு கேட்டதில்ல. இப்போ ஒருத்தர் கேட்டிருக்காரு. அதை நானே எடுத்துக் குப்பையில போடணுமா?"

"உங்க பசங்க?"

"அந்தப் பசங்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கறேன்? எழுதறது உண்மையா இருக்கணும்னு. நடந்தது இதுதான். இதையே அனுப்பறேன்."

வெட்டாமலே அனுப்பிவிட்டார், நோட்ஸையும் மாற்றாமல். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அவருக்குத் தெரியாமல் மச்சானிடம் ஒரு பிரதி கொடுத்து வெட்டச் சொன்னேன். சரியாகப் பதினெட்டு நிமிஷம். ஒரு பென் டிரைவில் போட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து நடுவர் குழு அழைத்தது. காலை பத்து மணி. வாசித்தவர்களில் ஒருத்தர் சாட்சிக்கு வரலாம் என்றார்கள், நான் போனேன். பெரிய மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் டாக்டர் மம்தூஹ், தாளில் ஓரம் சரியாக விடவில்லை என்று கோப்புகளைத் திருப்பி அனுப்பிப் பெயர் வாங்கியவர். வலப்பக்கம் வயலின் சொல்லிக்கொடுக்கிற டாக்டர் இஜ்லால் அம்மையார். இடப்பக்கம் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து வந்த டாக்டர் ஃபிக்ரி, அவர் பேசவே மாட்டார் போலிருந்தது.

"நோட்ஸ்ல பதினெட்டு நிமிஷம்" என்றார் மம்தூஹ். "பதிவுல இருபத்தொன்பது. மிச்சம் பதினோரு நிமிஷம் எங்கேர்ந்து வந்துச்சு டாக்டர்?"

"ஜனங்க மறுபடி கேட்டாங்க."

"ஜனங்க பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போட்டாங்களா?"

இஜ்லால் சிரிப்பை அடக்க டீயைக் குடித்தார். மம்தூஹ் ஃபைலை மூடினார்.

"பாருங்க, எனக்கும் உங்களைத் திருப்பி அனுப்ப ஆசை இல்ல. முன்னாடி போன கடிதத்துலயும் என் கையெழுத்துதான் இருக்கு, எனக்கும் மனசு இருக்கு. அந்தப் பதினோரு நிமிஷத்தை வெட்டிட்டு நாளைக்குள்ள கொண்டாங்க. நான் கையெழுத்துப் போடறேன், கதை முடிஞ்சுது."

உல்ஃபத் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"நாளைக்கு எதுக்கு சார்? இதோ இருக்கு!"

அந்தக் கணம் உல்ஃபத் என்னைப் பார்த்த பார்வைக்கு முன்னால், மேடையில் எனக்குக் கிடைத்த பார்வை ஒன்றுமே இல்லை. மம்தூஹ் சந்தோஷமாகப் பென் டிரைவை வாங்கிக் கணினியில் செருகி, அந்த இடத்துக்கே நேராகப் போட்டார்.

குழல் இறங்கி வந்தது. நின்றது. செல்லோ தாங்கியது. மௌனம்.

என் மச்சான் கெட்டிக்காரன்தான். ஹாஜியாரின் குரலோடு சேர்த்து அரங்கத்தின் மூச்சு, இருமல், நாற்காலியின் கிரீச் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டு, அந்த ஏழு விநாடியில் வெறும் சூன்யத்தை ஒட்டிவைத்திருந்தான். யாரோ வந்து நம் காதில் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது.

"இது என்ன?" என்றார் இஜ்லால். "இந்த ஹால்ல மூச்சு விடற மனுஷங்க யாருமே இல்லையா?"

மம்தூஹ் முகத்தைச் சுளித்தார். அவரும் ஒரு காலத்தில் ஊத் என்ற தந்தி வாத்தியம் வாசித்தவர்தானே. "நல்லா இல்ல" என்று ஒப்புக்கொண்டார். "முழுப் பதிவைப் போடுங்க, எங்கே வெட்டினா சரியா வரும்னு பார்ப்போம்."

முழுப் பதிவு ஓடியது. ஹாஜியார் எழுந்து நின்றார், கத்தினார். என் கை தட்டியது. இரண்டாவது தடவை ஓடியது, மூன்றாவது, நான்காவது.

"ரெண்டாவது தடவைக்கு அப்புறம் வெட்டலாம்" என்றார் மம்தூஹ். "ரெண்டாவதுதான் அழகு."

"ரெண்டாவதா?" இஜ்லால் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "மூணாவதை விட்டுட்டு ரெண்டாவதா? அந்தக் கால் சுரத்துல எப்படி நிக்கறான், கேட்டீங்களா?"

"மூணாவதுல அந்தக் குழல்காரன் அலட்டறான்."

"அது அலட்டலா? டாக்டர், நீங்க ஊத்தைத் தூக்கி வெச்சுட்டு நிர்வாகத்துக்குப் போனது ஊத்துக்கு நல்லதாப் போச்சு."

"இன்னொரு தடவை போடு, காட்டறேன்!"

போட்டார்கள். அவர் காட்டியதை இஜ்லால் ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி போட்டார்கள். கையெழுத்து வாங்க வந்த எழுத்தர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கதவருகே நின்றுவிட்டார். நான்காவது தடவைதான் சிறந்தது என்று அவரும் தன் கருத்தைச் சொல்ல, அவரை யாரும் அதட்டவில்லை. டீ ஆறிவிட்டது. நான் ஓரக்கண்ணால் உல்ஃபத்தைப் பார்த்தேன். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

ஆறாவது தடவை போட்டுக் கேட்ட பிறகு டாக்டர் ஃபிக்ரி முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"முதல் தடவைதான்" என்றார். "மத்த தடவையெல்லாம் அவங்க வாசிச்சது. முதல் தடவை இவங்க எழுதினது. அது இல்லேன்னா எந்தக் கிழவரும் எழுந்து நின்னிருக்க மாட்டாரு."

மம்தூஹுக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. டையைச் சரிசெய்துகொண்டார். நோட்ஸைப் புரட்டினார், பதிவின் நேரத்தைப் பார்த்தார், திரும்ப நோட்ஸைப் பார்த்தார்.

"ரெண்டும் பொருந்தல. அதை நான் விட முடியாது" என்றார். "ஆனா பதிவுல ஒரு தப்பும் இல்ல. நோட்ஸ்தான் தப்பா இருக்கு. திருத்துங்க."

"எப்படித் திருத்தறது டாக்டர்?"

"அதை என்னைக் கேட்டா? நீங்கதானே இசையமைப்பாளர்!"

தன் பேனாவை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். உல்ஃபத் பக்கத்தைத் திறந்தார். 'ஏழு விநாடி' என்று தெளிவாகக் கட்டம் போட்டு எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்தார். பிறகு எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். மம்தூஹ் உரக்கப் படித்தார்.

"'கேட்டால் மறுபடி. கேட்காவிட்டால் மேலே.'" கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கேக்காமயே போயிட்டா?"

"மேல போயிடுவோம் டாக்டர்" என்றார் உல்ஃபத். "இத்தனை வருஷமா அதைத்தானே செஞ்சுட்டிருக்கேன்."

மம்தூஹ் முத்திரையை எடுத்து அந்தத் திருத்தத்தின் மேல் குத்தினார். இஜ்லால் எழுந்து வந்து உல்ஃபத்தின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். எழுத்தர் எல்லாருக்கும் முன்னால் வாழ்த்துச் சொன்னார்.

வெளியே வந்ததும் எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேன். வராந்தாவில் நின்று, உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார்.

"கொடு அதை."

பென் டிரைவைக் கொடுத்தேன்.

"என்கிட்ட சொல்லாம வெட்டினே இல்ல?"

"உங்க நல்லதுக்குத்தான் டாக்டர்..."

"பேசாதே. உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன், ஸப்ரி" என்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. "போய் அஞ்சு பசங்களையும் கூப்பிடு. வகுப்பு இருக்குன்னு சொல்லு."

நான் ஓடினேன். ஐம்பத்து நாலு வயசில் படியெல்லாம் இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினேன்.